இரண்டு மைலுக்கு எந்தத் தோட்டா?

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். .375 அளவில், அதாவது குண்டின் விட்டம் 0.375 அங்குலம், ஒரு வைல்ட்கேட் தோட்டாவுக்கான சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் குழி) வரைபடம். கொலராடோவில் நாங்கள் போகும் மலை ரேஞ்சில் .338 லாபுவா மேக்னம் ரைஃபிளை வைத்து 1,500 மீட்டர் வரை நன்றாகவே சுடுகிறார். அடுத்து இரண்டு மைல், அதாவது 3,219 மீட்டர் போக ஆசை. எல்லைக்கு அந்தப் பக்கம் நியூ மெக்சிகோவின் ரேட்டனில் நடக்கும் 'கிங் ஆஃப் டூ மைல்ஸ்' போட்டியில் ஒரு தடவையாவது கலந்துகொள்ள வேண்டும் என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அண்ணே, இதுக்கு ரீமர் ஆர்டர் பண்ணிடட்டுமா?" என்றார். ரீமர் என்பது அந்தக் குழியைக் கடையும் கருவி. "கொஞ்சம் பொறு, உட்கார்ந்து பேசுவோம்" என்றேன். அன்று பேசியதை, அப்புறம் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்ததையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். இதே ஆசையோடு இருக்கும் வேறு சிலருக்கும் பயன்படலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். .375 நல்ல தேர்வு. வைல்ட்கேட் இப்போதைக்கு வேண்டாம். காரணங்கள் கொஞ்சம் நீளமானவை.

வைல்ட்கேட் என்றால் காட்டுப்பூனை. துப்பாக்கிக்காரர்கள் அந்தப் பெயரால் சொல்வது, அமெரிக்காவின் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ., ஐரோப்பாவின் சி.ஐ.பி. ஆகிய தர அமைப்புகளின் பட்டியலில் இல்லாத, தனிமனிதர்கள் தங்கள் பட்டறையில் உருவாக்கிக்கொள்ளும் தோட்டாவை. ஏற்கெனவே இருக்கும் ஒரு பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை ஒடுக்கியோ அகட்டியோ, தோளைச் செங்குத்தாக்கியோ, உடலின் சரிவைக் குறைத்தோ புதிய வடிவம் கொடுப்பார்கள். பி.ஓ. ஆக்லி இந்த வேலையில் பெரிய பெயர். அவருடைய 40 டிகிரி தோள் இன்றும் பல கூடுகளில் இருக்கிறது. சில காட்டுப்பூனைகள் பின்னாளில் வீட்டுப்பூனை ஆவதும் உண்டு. .22-250 பல ஆண்டுகள் வைல்ட்கேட்டாக இருந்து, 1965இல் ரெமிங்டன் கையில் எடுத்தபிறகு கடையில் கிடைக்கும் தோட்டா ஆனது. .25-06க்கு அந்த யோகம் 1969இல் வந்தது. ஆகவே வைல்ட்கேட் என்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதற்கான கூடு, கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் டை, எவ்வளவு வெடிமருந்து போடலாம் என்ற லோடு விவரம் எல்லாவற்றையும் நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

பெரிய தோட்டா தேடுகிறவர்கள் பொதுவாக .338, .375, .416, .50 என்று குண்டின் விட்டத்தை வரிசைப்படுத்திப் பார்க்கிறார்கள். நான் கூட்டின் அடிப்பகுதியிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஏனென்றால் தோட்டாவைப் பூட்டிச் சுடும் பொறியமைப்பான ஆக்‌ஷன், அதற்குள் ஓடும் போல்ட், ரைஃபிளின் எடை, விலை எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்த அடிவட்டம். அப்படிப் பார்த்தால் இந்த உலகம் மூன்று குடும்பங்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். முதல் குடும்பம் .416 ரிக்பியிலிருந்து வந்தது, அதன் வாரிசு .338 லாபுவா, அடிவட்டத்தின் விட்டம் சுமார் 14.9 மி.மீ. இரண்டாவது .505 கிப்ஸிலிருந்து வந்தது; .408, .375 செய்டாக் இரண்டும் இந்த வீட்டுப் பிள்ளைகள், அடிவட்டம் சுமார் 16.3 மி.மீ. ரிக்பியும் கிப்ஸும் 1911இல் ஆப்பிரிக்காவின் யானை, எருமை வேட்டைக்காக இங்கிலாந்தில் உருவானவை. மூன்றாவது குடும்பம் ஜான் பிரௌனிங்கின் இயந்திரத் துப்பாக்கிக்காகப் பிறந்த .50 பிஎம்ஜி; அடிவட்டம் 20.4 மி.மீ. .416 பேரட் இதன் கூட்டைக் குட்டையாக்கிக் கழுத்தை ஒடுக்கியது. நூறாண்டுக்கு முன் யானைக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் என்று வரைந்த அடிவட்டங்களில்தான் இன்றைய நெடுந்தூரத் துல்லியச் சுடுதல் நிற்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பு.

ஒரு குடும்பத்துக்குள் கூடு மாற்றுவது என்றால் ஒரு புதிய பேரல் போதும். குடும்பம் விட்டுக் குடும்பம் தாவினால் ரைஃபிளையே மாற்ற வேண்டியிருக்கும். தம்பியிடம் இருப்பது லாபுவா அளவு ஆக்‌ஷன். அவர் காட்டிய வரைபடம் செய்டாக் அளவு. இந்த ஒரு விஷயமே அவருடைய பட்ஜெட்டை இரண்டாகப் பிளந்துவிட்டது.

இனி காற்றுக்கு வருவோம். ஒரு குண்டு நெடுந்தூரம் போக இரண்டு வேண்டும்: கிளம்பும் வேகம், அந்த வேகத்தை இழக்காத குணம். இரண்டாவதை அளக்கப் பாலிஸ்டிக் கோஎஃபிஷன்ட் என்ற எண் இருக்கிறது; சுருக்கமாக பி.சி. குண்டின் வடிவம் ஒரு பக்கம், அதன் எடைக்கும் குறுக்குப் பரப்புக்கும் உள்ள விகிதம் மறுபக்கம். அந்த விகிதத்தை வழக்கமான முறையில், பவுண்டு எடையை அங்குல விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்த்தேன். .338இல் 300 கிரெய்ன் (7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு) குண்டுக்கு 0.375. .408இல் 419 கிரெய்னுக்கு 0.360. .375இல் 400 கிரெய்னுக்கு 0.406. .50இல் 750 கிரெய்னுக்கு 0.412. .416இல் 550 கிரெய்னுக்கு 0.454. பாருங்கள், .375 குண்டு தன்னைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமுள்ள .50 குண்டுக்குத் தோளோடு தோள் நிற்கிறது. .416 எல்லாரையும் தாண்டி நிற்கிறது. .408 ஏன் மெல்ல மெல்ல .375க்கு இடம்விட்டது என்பதற்கும் பதில் இதே வரிசையில் கிடைக்கிறது. கூடு அதேதான், ஒடுக்கமான கழுத்தில் நீண்ட குண்டு வைத்தபோது காற்று அதற்கு இன்னும் எளிதாக வழிவிட்டது.

அடுத்தது ஒலி வேகம். குண்டு ஒலியை விட வேகமாகப் போகும்வரை நம் கணக்குகள் நன்றாக ஒத்துவரும். ஒலி வேகத்தை ஒட்டி இறங்கும்போது காற்றின் இழுவை சட்டென்று மாறும், சில குண்டுகள் ஆட்டம் காணும். .338 லாபுவாவின் 300 கிரெய்ன் குண்டு கடல்மட்டக் காற்றில் 1,500 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் அந்த எல்லையைத் தொடுகிறது. ரேட்டனில் இருக்கும் விட்டிங்டன் மையம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 82 சதவீதம் போல்தான். அந்த மெல்லிய காற்றில் அதே குண்டு சுமார் 1,800 மீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் இலக்கு 3,219 மீட்டரில் இருக்கிறது. நல்ல .375 குண்டுகூட அங்கே போய்ச் சேரும்போது ஒலி வேகத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் வரும். அதனால் எந்தத் தோட்டா எடுத்தாலும், ஒலி வேகத்தைத் தாண்டி இறங்கும்போது நிலைகுலையாத குண்டு வேண்டும். அதற்குக் கடைசல் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கடைந்தெடுத்த செம்பு, பித்தளைக் குண்டுகளும், அவற்றைச் சுழற்ற, உள்ளே வெட்டிய சுழல் பள்ளங்களில் போதுமான முறுக்கு உள்ள பேரலும் தேவை. ஈயம் நிரப்பிய குண்டை விட அதே எடையுள்ள செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளம் கூடினால் முறுக்கும் இறுக வேண்டும். .408 செய்டாக் 13 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கோடு வந்தது. இன்றைய நீண்ட .375 குண்டுகளுக்கு 10 அங்குலத்துக்கு ஒன்று, அதைவிட இறுக்கமானதுகூடக் கேட்கிறார்கள். பேரல் ஆர்டர் கொடுக்கும் முன் குண்டு முடிவாகியிருக்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

.338 லாபுவா தம்பியிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை இம்ப்ரூவ்டு ஆக்குவது, அதாவது தோளைச் செங்குத்தாக்கி உடல் சரிவைக் குறைத்துக் கொஞ்சம் அதிக வெடிமருந்து பிடிக்க வைப்பது, மிகச் செலவு குறைந்த வைல்ட்கேட். சேம்பரைக் கொஞ்சம் கடைந்தால் போதும். கடையில் வாங்கும் சாதாரண லாபுவா தோட்டாவை அந்தச் சேம்பரில் போட்டுச் சுட்டால் கூடு தானே புதிய வடிவத்துக்கு விரிந்துவிடும். ஒரு அவசரத்துக்கு எந்தக் கடையிலும் தோட்டா வாங்கிக்கொள்ளலாம். வைல்ட்கேட் உலகில் இதைப்போலப் பின்வாங்க வழியுள்ள ஏற்பாடு குறைவு. ஆனால் இரண்டு மைலுக்கு இந்தக் குண்டு சிறியது. தூரத்தில் புல்தரையில் விழுந்தால் தூசி எழும்புவது தெரியாது. எங்கே விழுந்தது என்று தெரியாவிட்டால் திருத்தவும் முடியாது. 2,000 மீட்டரோடு மனம் நிறைகிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். அவர்களுக்கு முழு மனதோடு சொல்வேன்.

.50 பிஎம்ஜியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஃபிஃப்டி கேலிபர் ஷூட்டர்ஸ் அசோசியேஷன் 1985இல் தொடங்கிய காலத்திலிருந்து 1,000 யார்டு போட்டிகளில் இதை வைத்து அருமையாகச் சுடுகிறார்கள். 750 கிரெய்ன் ஹார்னடி ஏ-மேக்ஸ் குண்டின் பி.சி. ஜி1 என்ற வழக்கமான ஒப்பீட்டுக் கணக்கில் 1.050, அது சின்ன எண் இல்லை. கூடு எங்கும் கிடைக்கும். ஆனாலும் அந்தக் கூடு பிறந்தது இயந்திரத் துப்பாக்கிக்கு. சட்டச் சிக்கலும் உண்டு: கலிஃபோர்னியாவில் 2005 முதல் .50 பிஎம்ஜி ரைஃபிள்களை வாங்க விற்கத் தடை இருக்கிறது. துளை அரை அங்குலத்தைத் தாண்டினால் அமெரிக்கா முழுக்கவே 'டிஸ்ட்ரக்டிவ் டிவைஸ்' பட்டியலில் போய்விடும், அதனால் இதற்கு மேல் பெரிதாக வைல்ட்கேட் செய்யவும் பெரும்பாலோர் நினைப்பதில்லை. இதை விரும்பிச் சுடுகிறவர்களை மதிக்கிறேன். இரண்டு மைலுக்குப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

உண்மையான போட்டி .375க்கும் .416க்கும் இடையில்தான்.

.416 பேரட் 2005இல் வந்தது. .50 பிஎம்ஜி கூட்டை 83 மி.மீ.க்குக் குட்டையாக்கியது. 550 கிரெய்ன் கடைசல் குண்டு வைத்தால் காற்றில் அதற்கு இணை இந்த வரிசையில் இல்லை என்று மேலே கணக்கிலேயே பார்த்தோம். 2018இல் ரேட்டன் போட்டியை வென்றதும் இதுதான். 2022 செப்டம்பரில் வயோமிங்கில் ஒரு குழு 7,774 யார்டு, அதாவது ஏழு கிலோமீட்டருக்கு மேல், இலக்கை அடித்ததும் .416 பேரட்டில்தான். குண்டு போய்ச் சேர 24 வினாடிக்கு மேல் ஆனது. அது 69ஆவது குண்டு. அந்த உழைப்பு பெரிது, அந்தக் குழு கற்றுக்கொண்டதும் ஏராளமாக இருக்கும். ஆனால் போட்டிக்குத் தோட்டா தேர்ந்தெடுக்கிறவர் அந்தச் சாதனையை வழிகாட்டியாகக் கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம். ரேட்டனில் 69 வாய்ப்பு கிடைக்காது. ஒவ்வொரு இலக்குக்கும் சில குண்டுகள்தான், முதல் குண்டிலேயே பட்டால் மதிப்பெண் கூடுதல், அடித்தால்தான் அடுத்த தூரத்துக்குப் போகலாம்.

இங்கேதான் உதைப்பு கணக்கில் வருகிறது. எல்லாத் தோட்டாவையும் ஒரே 13.6 கிலோ ரைஃபிளில், மசில் பிரேக் (வாயுவைத் திருப்பிவிட்டு உதைப்பைக் குறைக்கும் பேரல் முனைக் கருவி) இல்லாமல் சுட்டால் எப்படி இருக்கும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். .338 லாபுவாவுக்கு சுமார் 20 ஜூல். செய்டாக் அளவு .375க்கு 40. .416 பேரட்டுக்கு 80. .50க்கு 135 போல். ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாகிறது. நல்ல பிரேக் போட்டால் எல்லாமே வெகுவாகக் குறையும். ஆனால் பிரேக் தள்ளும் வாயு தரையிலிருந்து தூசியைக் கிளப்பி, சுட்டவரின் கண்ணையும் ஸ்கோப்பையும் மறைக்கும். சுட்ட பிறகு ஆறேழு வினாடி கழித்து இலக்கருகே எழும் சிறு புழுதியை நாமே ஸ்கோப்பில் பார்க்க முடிந்தால், குண்டு விழும் இடத்தைப் பார்த்துச் சொல்லும் துணையாளரான ஸ்பாட்டர் சொல்வதோடு ஒப்பிட்டு அடுத்த குண்டைத் திருத்தலாம். .375இல் அது பழகினால் கைவரும். .416இல் ரைஃபிள் மறுபடி இலக்கின்மேல் வந்து நிற்பதற்கு மிகக் கனமான ரைஃபிளும் மிகப் பழகிய உடம்பும் வேண்டும். அதே நேரம், .416இன் குண்டு விழுந்த இடத்தில் எழும் புழுதி பெரிது; ஈரத் தரையிலும் ஸ்பாட்டருக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்துக்காகவே .416க்கு மாறியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மாறியதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, நான் பேச விரும்புகிறேன். .50 பிஎம்ஜியும் .416 பேரட்டும் எடுப்பது சுமார் 8 மி.மீ. விட்டமுள்ள பெரிய பிரைமர். செய்டாக் கூடு எடுப்பது வேட்டைத் துப்பாக்கிகளுக்கான சாதாரண லார்ஜ் ரைஃபிள் மேக்னம், சுமார் 5.3 மி.மீ. சின்னதில் பல நிறுவனங்கள், பல லாட்டுகள் (ஒரே தடவையில் தயாரான தொகுதிகள்), துல்லியத்துக்கென்றே தயாராகும் வகைகள் இருக்கின்றன. பெரியதில் தேர்வு மிகக் குறைவு. இது ஏன் முக்கியம்? இரண்டு மைலில் வேகத்தில் வரும் சிறு வேறுபாடும் பெரிதாகிவிடும். குண்டு கிளம்பும் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் கூடக் குறைய ஆனால், அதாவது ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு மாறினால், அங்கே ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டரைத் தொடும். இலக்குத் தகட்டுக்கு மேலேயோ கீழேயோ போய்விடும். ஒரே சீராகத் தீப்பிடிக்கும் பிரைமரும் ஒரே சீரான கூடும் கிடைப்பது வினாடிக்கு 20 மீட்டர் அதிக வேகத்தை விடப் பெரிய வரம்.

அந்த 20 மீட்டர் என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. தம்பியின் வரைபடம் இம்ப்ரூவ்டு செய்டாக் வகை. .375 ஸ்னைப்டாக், .375 லெத்தல் மேக்னம் போன்ற பிரபலமான வைல்ட்கேட்களும் இந்த வகைதான். ரேட்டனில் 2016இல் வென்றது லெத்தல் மேக்னம், அதை வடிவமைத்தவரே சுட்டு வென்றார். ஆகவே இவை வெறும் ஆசைத் தோட்டாக்கள் இல்லை, போட்டியில் நிரூபித்தவை. ஆனால் இம்ப்ரூவ்டு ஆக்குவதில் எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள். கூட்டில் தாங்களே மருந்து நிரப்பி ரீலோடிங் செய்கிறவர்களிடம் ஒரு பழைய மனக்கணக்கு உண்டு: அழுத்தம் மாறாமல் கூட்டின் கொள்ளளவு 4 சதவீதம் கூடினால் வேகம் சுமார் 1 சதவீதம் கூடும். செய்டாக் கூடு சுமார் 160 கிரெய்ன் தண்ணீர் பிடிக்கும். அதை 8 சதவீதம் பெரிதாக்கினோம் என்று வைத்துக்கொண்டால் வேகம் 2 சதவீதம் கூடும். 900 மீட்டர் என்றிருந்தது 918 ஆகும். கிடைப்பது இவ்வளவுதான். இதே அளவை இரண்டு மூன்று அங்குலம் நீண்ட பேரலிலேயே பெரும்பாலும் எடுத்துவிடலாம். பேரட் கூட்டின் கழுத்தை .375க்கு ஒடுக்கிய வைல்ட்கேட்களும் இருக்கின்றன. அவற்றில் வேகம் நன்றாகவே கூடும். கூடவே, அத்தனை மருந்தின் தீயும் ஒரு சின்னத் துளை வழியே போவதால் பேரலின் தொண்டை, அதாவது சேம்பரை அடுத்துத் துளை தொடங்கும் இடம், சீக்கிரம் தேய்ந்துபோகும். லோடு சரிபார்த்து முடிக்கும்போது பேரலின் ஆயுளில் ஒரு நல்ல பங்கு போயிருக்கும்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு வைல்ட்கேட்டுக்கு ஆசைப்பட்டு ரீமர், டை, சேம்பரின் ஆழத்தைச் சரிபார்க்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் எல்லாம் தனியாகச் செய்து வாங்கினேன். ஒவ்வொன்றும் வரிசையில் காத்திருந்து வந்தது. அந்தத் தோட்டாவுக்கென்று கூடு செய்த ஒரே ஒரு சிறு பட்டறையிடம் 100 கூடு வாங்கினேன். இரண்டாவது தடவை சுட்டதிலேயே பாதிக்கு மேற்பட்ட கூடுகளின் பிரைமர் குழி தளர்ந்துவிட்டது. அடிப்பகுதிப் பித்தளை மென்மையாக இருந்திருக்கிறது. மாற்றுக் கூடு கேட்டு எழுதினேன், பேசினேன், பதினோரு மாதம் காத்திருந்தேன். அந்த வருடம் முழுக்க அந்த ரைஃபிள் பெட்டிக்குள்ளேயே இருந்தது. நான் இழந்தது பணத்தை விடப் பயிற்சியை. ஒரு வருடக் காற்றைப் படிக்காமல் விட்டுவிட்டேன். செய்டாக் கூட்டை பீட்டர்சன் போன்ற நிறுவனங்கள் தொடர்ந்து செய்கின்றன, .408, .375 இரண்டும் சி.ஐ.பி. பட்டியலிலேயே இருக்கின்றன. ஒருவரிடம் இல்லாவிட்டால் இன்னொருவரிடம் வாங்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. வைல்ட்கேட் கூட்டின் அடியில் பொறித்திருப்பது பெரும்பாலும் தாய்த் தோட்டாவின் பெயராகத்தான் இருக்கும். .408 என்று பொறித்த கூட்டைக் கழுத்து ஒடுக்கி .375 ஆக்கியிருப்போம். ஒரே மேஜையில் இரண்டு ரைஃபிள், இரண்டு பெட்டி இருந்தால் குழப்பம் வர ஒரு நொடி போதும். பெட்டியிலும் கூட்டிலும் தெளிவாகக் குறித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ரைஃபிளுக்கான தோட்டா மட்டும் மேஜையில் இருக்கட்டும். லோடு விவரமும் இப்படித்தான். வைல்ட்கேட்டுக்கு ஆய்வகத்தில் அழுத்தம் அளந்து அச்சிட்ட விவரம் பெரும்பாலும் இருக்காது. நண்பர் ஒருவர் சொன்ன அளவு அவருடைய சேம்பருக்கு, அவருடைய கூட்டுக்கு, அவருடைய மருந்து லாட்டுக்கு மட்டும் பொருந்தும். நம்முடையதில் அது அபாயமாகலாம். இவ்வளவு மருந்து எரியும் கூட்டின் பின்னால் கன்னத்தை வைத்துப் படுக்கிறோம் என்பதை ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அச்சிட்ட விவரம் உள்ள தோட்டாவில் சில நூறு குண்டுகளாவது சுட்டுப் பழகி, அழுத்தத்தின் அறிகுறிகளைக் கண்ணும் கையும் அறிந்த பிறகுதான் வைல்ட்கேட் பக்கம் போக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

செலவு பற்றித் தம்பி கேட்டார். கடைசல் குண்டு, மருந்து, பிரைமர், கூட்டின் தேய்மானம், பேரலின் தேய்மானம் எல்லாம் சேர்த்தால் .375இல் ஒரு தடவை விசையை அழுத்துவது ஐந்து டாலருக்குக் குறையாது. .416இல் அதற்கும் மேல். வாரம் 30 குண்டு சுடும் ஒருவர் வருடத்துக்கு எவ்வளவு என்று அவரே பெருக்கிப் பார்த்துக்கொண்டார். அந்தக் கணக்குக்குப் பிறகுதான் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்த வருடச் செலவில் 918 மீட்டர் வேகத்துக்கும் 900 மீட்டர் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வாங்குவதா, கூடுதலாக 300 குண்டு சுடுவதா?

அந்த 300 குண்டு எதைக் கற்றுத்தரும் என்று யோசித்தால் என் பதில் உங்களுக்கும் புரியும். ஆறேழு வினாடி பறக்கும் குண்டுக்குக் கீழே பூமியும் சுழல்கிறது. ரேட்டனின் அட்சரேகையில் இரண்டு மைலுக்கு அந்தச் சுழற்சி மட்டுமே குண்டை வலப்பக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளும் என்று கணக்கு வருகிறது. குண்டின் சுழற்சியால் வரும் விலகல் தனி. இரண்டையும் கணினி சரியாகச் சொல்லிவிடும். காற்றை எந்தக் கணினியும் முழுதாகச் சொல்லாது. ரைஃபிள் இருக்கும் மேட்டில் ஒரு காற்று, நடுவில் இருக்கும் பள்ளத்தில் இன்னொன்று, இலக்கருகே மூன்றாவது. குண்டு பறக்கும் பாதை நடுவழியில் பார்வைக் கோட்டுக்குப் பல பத்து மீட்டர் மேலே போகிறது. அங்கே அடிக்கும் காற்றைக் காட்டப் புல்லும் இல்லை, மரமும் இல்லை. வைல்ட்கேட்டின் கூடுதல் வேகம் இந்தக் காற்றில் மிச்சப்படுத்துவது கொஞ்சம். பள்ளத்துக் காற்றைத் தவறாகப் படித்தால் இழப்பது பல மீட்டர்.

அதனால் தம்பிக்கு நான் சொன்ன வரிசை இது. இப்போதுள்ள .338 லாபுவாவை விற்க வேண்டாம். காற்றுப் படிக்க அது மலிவான ஆசிரியர், 2,000 மீட்டர் வரை அதிலேயே பழகலாம். செய்டாக் அளவு ஆக்‌ஷனுக்குப் பணம் சேர்க்கட்டும். முதல் பேரல் தரப்படுத்திய .375 செய்டாக் சேம்பரோடு, தேர்ந்தெடுத்த குண்டுக்கு ஏற்ற முறுக்கோடு இருக்கட்டும். அந்தப் பேரல் தேயும்போது கையில் ஆயிரத்துக்குப் பக்கத்தில் குண்டுகளின் குறிப்புகள் இருக்கும். எந்தத் தூரத்தில் எதனால் தவறுகிறது என்று அந்த நோட்டே சொல்லும். வேகம் போதாததால்தான் தவறுகிறது என்று நோட்டு சொன்னால், இரண்டாவது பேரலை இம்ப்ரூவ்டு சேம்பரோடு செய்துகொள்ளலாம். ஆக்‌ஷன் அதேதான், போல்ட் அதேதான். தோள் இடம் மாறாத வடிவமாகத் தேர்ந்தெடுத்தால் பழைய கூடுகளையே புதிய சேம்பரில் சுட்டு விரித்துக்கொள்ளலாம்.

.416 யாருக்கு என்றால், ஏற்கெனவே .375இல் சில வருடம் சுட்டவர், இரண்டு மைலைத் தாண்டி மூன்று மைல் பக்கம் மனம் போகிறவர், கனமான ரைஃபிளைச் சுமந்துபோக வண்டியும் கூட ஒரு நல்ல ஸ்பாட்டரும் உள்ளவர். அவருக்கு அதைவிடச் சிறந்தது இப்போதைக்கு இல்லை.

தம்பி வரைபடத்தை அழிக்கவில்லை, கைப்பேசியிலேயே வைத்திருக்கிறார். வைத்திருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை 1,800 மீட்டர் தகட்டுக்கு .338ஐ எடுத்துக்கொண்டு போகிறோம். கூடு வாங்கும்போது ஒரே லாட்டில் 100 வாங்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.